வலைக்கண்ணின் அளவும் கணக்கின் நேர்மையும்

வங்கக் கடலோரத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. தடையின் பயன் குறித்தும் நிவாரணத் தொகை குறித்தும் நிறையப் பேசுகிறோம். எஞ்சிய பத்து மாதங்களில் கடலில் இறங்கும் வலையின் கண் எவ்வளவு பெரியது என்பது பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை. தீவன ஆலைகளுக்குப் போகும் 'சங்காய'த்தில், ஒருமுறைகூட முட்டையிடாத இளமீன்களும் அடக்கம்.

தமிழ்நாட்டில் இழுவை வலையின் மடியில் கண் அளவு 40 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது விதி. இத்தகைய எண் எங்கிருந்து வர வேண்டும்? ஆய்வாளர்கள் மடியின்மேல் சிறிய கண் கொண்ட உறை ஒன்றைப் போர்த்தி வலையை இழுப்பர். மடியில் தங்கியவற்றையும், தப்பி உறையில் விழுந்தவற்றையும் நீளவாரியாக எண்ணுவர். எந்த நீளத்தில் பாதி தங்கிப் பாதி தப்புகிறதோ, அதுவே அவ்வலையின் அடையாளம். பொருளாதார மாணவர்கள் அறிந்த லாஜிட் வளைவேதான் இது. ஒருவர் வேலைக்குப் போவாரா என்பதை மதிப்பிடும் சூத்திரம், மீன் தங்குமா என்பதையும் மதிப்பிடுகிறது.

ஆனால் ஒரே கண் எல்லா மீனுக்கும் பொருந்தாது. கேரளம் 2015இல் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச நீளத்தை நிர்ணயித்தபோது மத்திக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14 செ.மீ. என்று வகுத்தது. துறைமுகத்தில் அளந்து பார்க்க இவ்விதி வசதியானது. ஆனால் கரைக்கு வந்த மீன் செத்த மீன். கடலுக்குள்ளேயே தப்பவிட வலையால்தான் முடியும். அதிலும் சாய்சதுரக் கண் இழுவிசையில் மூடிக்கொள்ளும். நேர்சதுரக் கண் திறந்தே இருக்கும். அளவு ஒன்றாயினும் விளைவு வேறு.

கடலில்லாத எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துக்கும் இக்கணக்கு அந்நியமன்று. சாத்தனூர் அணைக்குச் செல்வோர் வறுத்த மீன் உண்ணாமல் திரும்புவது அரிது. நீர்த்தேக்கங்களில் பயன்படும் செவுள் வலையில் சிக்கல் இன்னும் நுட்பமானது. சிறிய மீன் நுழைந்து வெளியேறும். பெரிய மீனின் தலையே நுழையாது. பெரிய கட்லா வலையில் இல்லையென்றால், நீரில் இல்லையா, வலைக்கு அகப்படவில்லையா? தெரிந்தெடுக்கப்பட்ட மாதிரியை வைத்து முழுமையை ஊகிக்கும் இதே இடர்ப்பாட்டை ஆராய்ந்ததற்காகத்தான் ஜேம்ஸ் ஹெக்மன் 2000இல் நோபல் பரிசு பெற்றார்.

பல கண் அளவுள்ள வலைகளை ஒரே இடத்தில் விரித்து ஒப்பிடுவதே வழி. மீன் நீளத்துக்கும் கண் அளவுக்கும் உள்ள விகிதமே தீர்மானிக்கிறது என்பது ரஷ்ய அறிஞர் பாரனோவ் 1914இல் முன்வைத்த கருத்து. நீரில் எத்தனை மீன் உண்டு என்று அறியாமலேயே, பிடிபட்டவை வலைகளுக்கிடையே எவ்வாறு பங்காயின என்பதைக் கொண்டு மதிப்பிடும் முறையை ரஸ்ஸல் மில்லர் 1992இல் செப்பமாக்கினார்.

இதில் ஒரு பொறி உண்டு. இருபது இழுவைகளில் பத்தாயிரம் மீன் அளந்தால், பத்தாயிரம் தனித்தனிச் சான்றுகள் கிடைத்துவிடா. ஒரே இழுவையின் மீன்கள் ஒரே நீரோட்டத்தையும் வேகத்தையும் சந்தித்தவை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கணக்கிட்டால் பிழையின் வரம்பு பொய்யாகச் சுருங்கும். அந்தப் பொய்த் துல்லியத்தை நம்பி விதி செய்தால், வலையை மாற்றும் செலவு மட்டும் மீனவர் தலையில் உடனே விழும். பயன் எவருக்கு, எப்போது என்பது தெரியாது. எனவே சராசரியை மட்டுமன்றி, ஒவ்வொரு இழுவையின் நீளக்கணக்கையும் அரசு வெளியிட வேண்டும். சாத்தனூரில் இதைத் தொடங்குவதற்குப் பெருஞ்செலவு ஆகாது: ஓரிரு பரிசல்கள், நான்கைந்து கண் அளவுகளில் வலைகள், ஓர் அளவுப் பலகை, ஓராண்டுப் பொறுமை.