கண்கள் நிறைந்த சக்கரங்கள்



உடலெங்கும் கண்களுள்ள ஜீவன் என்றாலே நமக்குச் சற்று அச்சம் உண்டாகிறது. ஆனால் சிருஷ்டிப்பிலே அப்படிப்பட்டவை உண்டு. ஸ்காலப் என்னும் கடற்சிப்பிக்கு ஓட்டின் விளிம்போரமாக 200 கண்கள் வரை இருக்கின்றன. கரீபியன் கடலோரத்துச் சதுப்புநிலக் காடுகளில் விரல் நகமளவேயான ஒரு பெட்டி ஜெல்லிமீன் வாழ்கிறது. அதற்குத் தனியே மூளை இல்லை, கண்களோ 24. அவற்றில் நான்கு, உடல் எப்பக்கம் புரண்டாலும் மேல்நோக்கியே நிற்கின்றன. நீருக்கு மேலே தெரியும் மரக்கிளைகளை அவற்றால் கண்டு, தன் இரையுள்ள வேர்களண்டையில் அது தங்குகிறதென்று 2011-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர்.

மனிதரின் கற்பனையும் பல கண்களைப் படைத்தது. கிரேக்கரின் கதையில் ஆர்கஸ் என்னும் காவலனுக்கு நூறு கண்கள். சில உறங்கினாலும் மற்றவை விழித்திருக்கும். ஆயினும் ஹெர்மிஸ் குழலூதிக் கதைசொல்ல, நூறும் மூடிக்கொண்டன, அவன் கொல்லப்பட்டான். மனிதன் எண்ணிப்பார்த்த மிகச்சிறந்த காவலும் இறுதியில் உறங்கிப்போயிற்று!

எசேக்கியேல் கண்ட தரிசனமோ வேறு. அவர் கேபார் நதியண்டையில், சிறைப்பட்டுப்போனவர்களின் நடுவில் இருந்தார். தேவாலயம் எருசலேமிலே தங்கிவிட்டது. அந்நிய தேசத்தில் நம்மைக் காண்பவர் யார் என்று அவர்கள் ஏங்கியிருக்கக்கூடும். அங்கேதான் தேவனுடைய மகிமை காணப்பட்டது. சிங்காசனத்தின் கீழே சக்கரங்கள். அவற்றின் வட்டங்களெல்லாம் கண்கள். அவருடைய பார்வை ஒரு பட்டணத்துக்குள் அடைபட்டதன்று. தம்முடைய ஜனங்கள் போன இடமெல்லாம் அது சென்றது.

பிழைப்புக்காக ஊரைவிட்டு மும்பையிலும் தில்லியிலும் குடியேறியிருக்கிற பெற்றோரே, இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் பிள்ளைகளை எந்நேரமும் காத்திருக்க உங்கள் கண்கள் போதா. ஆகையால், "தப்புச் செய்தால் ஆண்டவர் பார்ப்பார்" என்று சொல்லிவிட்டு வாசலைப் பூட்டுகிறீர்கள். அது உண்மையே, ஆனால் பாதி உண்மை. அதை மாத்திரம் கேட்டு வளரும் பிள்ளை, அழுகிற நாளில் அவரிடத்தில் ஓடாமல் ஒளிந்துகொள்ளும். வனாந்தரத்தில் தனித்திருந்த ஆகாருக்கோ, தன்னைக் காண்கிற தேவன் என்பது ஆறுதலாயிருந்தது. "நீ தனியாயிருக்கும்போதும் ஆண்டவர் உன்னைக் காண்கிறார், பயப்படாதே" என்று இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள். சொல்லும்போது கைப்பேசியை வைத்துவிட்டு, அதன் முகத்தை நோக்கிப் பாருங்கள். உங்கள் கண்களைக்கொண்டே அப்பிள்ளை அவருடைய கண்களை அறியத் தொடங்கும்.

காண்கிற தேவன் உங்கள் குடும்பத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.