எந்த லாக்கர் பெஸ்ட்? கேள்வியே தப்பு!

தாரோ ஜிம்னியோ பழைய ஜிப்ஸியோ, ஏதோ ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வாங்கி, நாலு தடவை சேற்றில் மாட்டிக்கொண்ட பிறகு எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்த டிஃபரன்ஷியல் லாக்கர் பெஸ்ட்?" பதில்களும் ரெடியாக இருக்கும். ஒருவர் ஏ.ஆர்.பி. ஏர் லாக்கர் என்பார். இன்னொருவர் டெட்ராய்ட் லாக்கர் என்று சத்தியம் செய்வார். மூன்றாமவர் "போட்டா முன்னாடி பின்னாடி ரெண்டுலயும் போடு, இல்லேன்னா போடாதே" என்று உதார் விடுவார். வண்டி எங்கே ஓடப்போகிறது, யார் ஓட்டப்போகிறார், அதன் ஆக்ஸில் எவ்வளவு தாங்கும் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். போகப்போவது அவர்கள் காசு இல்லையே!

முதலில் இந்த லாக்கர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும், உள்சக்கரம் குறைவாக. அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான் டிஃபரன்ஷியல். ஆனால் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் சமமான முறுக்குவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுற்ற விசையே தேவையில்லை, ஆகவே தரையில் நன்றாகப் பிடித்து நிற்கும் அடுத்த சக்கரத்துக்கும் ஒன்றுமில்லை. லாக்கர் இரண்டு அச்சையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. பிடிப்பு எங்கே இருக்கிறதோ விசை அங்கே போகும். அவ்வளவுதான் மந்திரம்.

இங்கேதான் விற்பவர்கள் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று இருக்கிறது. திறந்த டிஃபரன்ஷியலில் ஒரு பக்க அச்சுக்குப் பாதி விசைக்கு மேல் போகாது. லாக் போட்டு ஒரு சக்கரம் மட்டும் பாறையைப் பிடித்திருந்தால், லோ ரேஞ்ச் கியரில் பெருகி வரும் மொத்த விசையும் அந்த ஒரே அச்சின் தலையில். அதோடு பெரிய டயரும் மாட்டியிருந்தால் முதலில் போவது லாக்கர் இல்லை, ஆக்ஸில்தான். "லாக்கர் ரொம்ப ஸ்ட்ராங்" என்று பெருமைப்படுவது, பூட்டு ஸ்ட்ராங் என்று சொல்லிக் கதவைப் பற்றிப் பேசாமல் இருப்பது மாதிரி.

ஆக, எது பலமானது என்பது இரண்டாம் கேள்வி. முதல் கேள்வி, லாக் எப்போது விழவேண்டும் என்று யார் முடிவெடுப்பது என்பது. ஓட்டுநரா, இயந்திரமா?

டெட்ராய்ட் வகை ஆட்டோமேட்டிக் லாக்கர் எப்போதும் பூட்டியே இருக்கும். வளைவில் வேகமாகச் சுற்றும் சக்கரத்தை மட்டும் விடுவிக்கும். வயர் கிடையாது, காற்றுக்குழாய் கிடையாது, சுவிட்ச் கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே வண்டிதான் திங்கட்கிழமை ஆபீசுக்கும் போகிறது. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. மழை பெய்து நனைந்த ரோட்டில், வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடித்தால் இழுவை ஒரு சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும், 'டக்' என்று ஒரு சத்தம் வரும், வண்டியின் பின்பக்கம் ஒரு உதறு உதறும். நீளமான லாரியில் இது தெரியாது. 2375 மி.மீ. வீல்பேஸ் உள்ள ஜிப்ஸியில் நன்றாகவே தெரியும். பழகினவர் சமாளிப்பார். சாவியை வாங்கிக்கொண்டு போகும் தம்பியும் மச்சானும்?

ஈட்டன் நிறுவனத்தின் மெக்கானிக்கல் லாக்கர் இன்னொரு ரகம். 2015-ல் பழைய தாரில் பின் ஆக்ஸிலுக்கு வந்தது இதுதான். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்கு 100 சுற்று அளவுக்கு வித்தியாசம் வந்தால் தானாக லாக் விழும். வண்டி மணிக்கு சுமார் 32 கி.மீ.க்கு மேல் போனால் லாக் விழாது. ரோட்டில் தொந்தரவில்லை, அந்த வகையில் டெட்ராய்டைவிட எவ்வளவோ மேல். இதில் கூத்து என்னவென்றால், சக்கரம் சுழன்றால்தான் லாக் விழும். புதிதாக ஓட்டுகிறவர் சக்கரம் சுழன்றதும் பயந்து காலை எடுத்துவிடுவார். லாக் விழவே விழாது. அப்புறம் "தார்ல லாக்கர் வேலை செய்யல" என்று புலம்பல். சேற்றில் அரைச் சுற்று வீணாகச் சுழன்றால் பாதகமில்லை. பாறைப் படியில் அந்த அரைச் சுற்றுக்குள் வண்டி பக்கவாட்டில் ஒரு அடி நகர்ந்துவிடும். அந்தப் பக்கம் பள்ளம் இருந்தால் என்ன ஆகும்?

பிரேக்கை வைத்து வேலை செய்யும் எலெக்ட்ரானிக் முறையைக் கேவலமாகப் பேசுவது இப்போது ஒரு ஃபேஷன். 2023-ல் இந்தியாவில் வந்த ஜிம்னியில் லாக்கர் இல்லை, சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து எதிர்ப்பக்கம் விசையைத் திருப்பும் ஏற்பாடுதான் இருக்கிறது. உடனே "பொம்மை வண்டி" என்று முத்திரை குத்தியாகிவிட்டது. ஒரு நிமிஷம்! அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீயில் இருப்பது டார்சன் டிஃபரன்ஷியல். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதுவும் கைவிரித்துவிடும். அப்போது ஆக்ஸிலரேட்டரோடு பிரேக்கையும் லேசாக அழுத்தித்தான் அதை ஓட்டுவார்கள். அதே வித்தையைத்தான் ஜிம்னியில் கம்ப்யூட்டர் சக்கரம் சக்கரமாகச் செய்கிறது. குறை இல்லாமல் இல்லை: முதலில் சக்கரம் சுழலவேண்டும், நீண்ட ஏற்றத்தில் பிரேக் சூடேறும். ஆனால் மாதம் ஒரு முறை காட்டுப்பாதையில் போகிறவருக்கு இது போதும். ஜிம்னி கம்பெனியிலிருந்து வரும்போது 195/80 ஆர்15 ரோடு டயரில் வருகிறது. லாக்கர் பற்றி யோசிக்குமுன் அந்த டயரை மாற்றிப் பார்க்கலாமே? மணலில் காற்றை 15, 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் கிடைக்கும் பிடிப்பு பல லாக்கர்களைத் தோற்கடிக்கும். காற்றை இறக்கப் பைசா செலவில்லை. அதனால்தானோ என்னவோ யாரும் சொல்வதில்லை :-)

இவ்வளவுக்குப் பிறகும் லாக்கர் வேண்டும் என்கிறவர் ஓட்டுநரின் கையில் சுவிட்ச் இருக்கும் வகையை, பின் ஆக்ஸிலில் மட்டும் போட்டுக்கொள்ளட்டும். ஏற்றத்தில் எடை பின்னால் சாய்கிறது, பின்சக்கரம்தான் தள்ளவேண்டும். முன்னால் லாக் போட்டால் ஸ்டியரிங் கல்லாக இறுகும், வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகப்பார்க்கும், முழுக்க ஒடித்த நிலையில் அழுத்தினால் சி.வி. ஜாயின்ட் காலி. மெர்சிடீஸ் ஜி-கிளாஸில் நடு, பின், முன் என்று மூன்று லாக் உண்டு, அந்த வரிசையில்தான் போடமுடியும். 2003-ல் வந்த ஜீப் ராங்லர் ரூபிகானிலும் பின்னால் போடாமல் முன்னால் மட்டும் போடமுடியாது. அதைச் செய்த இன்ஜினியர்களுக்குத் தெரியாதது "ரெண்டுலயும் போடு" பார்ட்டிக்குத் தெரிந்துவிட்டதா?

பின்னால் மட்டும் என்றாலும் எப்போதும் போட்டே வைத்திருக்கும் சமாச்சாரம் இல்லை. பக்கவாட்டில் சரிந்த ஈரப்பாதையில் லாக் போட்டால் இரண்டு சக்கரமும் சேர்ந்து சுழன்று வண்டி கீழ்ப்பக்கம் வழுக்கும். திறந்திருந்தால் ஒரு சக்கரம்தான் சுழலும், மற்றது தரையைப் பிடித்து வண்டியை நிறுத்தும். சுவிட்ச் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

சுவிட்ச் வகையில் பெரிய பெயர் ஏ.ஆர்.பி. ஆஸ்திரேலியாவின் ராபர்ட்ஸ் டிஃப் லாக்கை 1987-ல் வாங்கி வளர்த்ததுதான் அவர்களுடைய ஏர் லாக்கர். காற்று அழுத்தினால் லாக், விட்டால் ஸ்பிரிங் திறந்துவிடும். குழாய் ஒழுகினால் லாக் விழாது, ஆனால் வண்டி சாதாரண வண்டியாக வீடு வந்து சேரும். 2022-ல் வந்த ஹைலக்ஸ், 2024-ல் வந்த தார் ராக்ஸின் ஃபோர் வீல் டிரைவ் மாடல் இவற்றில் பின்னால் எலெக்ட்ரானிக் லாக் கம்பெனியிலேயே கிடைக்கிறது. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் ஓட்டுநரே போடும் லாக் உண்டு. அப்படி வருகிற மாடலை வாங்குவதற்கும், இல்லாத மாடலை வாங்கி அப்புறம் ஆக்ஸிலைப் பிரிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று வண்டி வாங்குமுன்பே கணக்குப் போட்டிருக்கவேண்டும். விலை வேறு, செலவு வேறு. பெட்டியில் வரும் லாக்கரின் விலையோடு கம்ப்ரஸர், வயரிங், கிரவுன்-பினியனைத் திரும்ப செட் பண்ணும் கூலி, வாரன்டி விஷயத்தில் வரப்போகும் சண்டை எல்லாம் சேர்ந்ததுதான் செலவு.

இதில் கிரவுன்-பினியன் செட்டிங்தான் நிறையப் பேர் கோட்டைவிடும் இடம். ஏர் லாக்கர் போடும்போது பழைய கேரியரைக் கழற்றிவிட்டுப் புதியது வைக்கிறார்கள். பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளியை ஷிம் வைத்துச் சரிபார்க்க வேண்டும், பல்லில் சாயம் தடவி எங்கே உரசுகிறது என்று பார்க்கவேண்டும். இதைக் குத்துமதிப்பாகச் செய்தால் கொஞ்ச நாளில் ஆக்ஸில் ஊளையிட ஆரம்பிக்கும், அப்புறம் பல் போகும். பழி லாக்கர் மேல் விழும்.

போட்டிக்கு மட்டும் வைத்திருக்கும் வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 2014 முதல் கோவாவில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் மாதிரிப் போட்டிகளுக்கென்று தயார் செய்த வண்டிகள் வேறு சாதி. அங்கே முன்லாக்கும் வேண்டும், ஆட்டோமேட்டிக்கும் சரிதான். அந்த வண்டிகள் டிரெய்லரில் போய் டிரெய்லரில் வரும், உடைந்த அச்சை மாற்ற மெக்கானிக் கூடவே நிற்பார். அவர்கள் போட்டதைப் பார்த்து ஆபீசுக்கும் அம்மா வீட்டுக்கும் போகும் வண்டியில் போடுகிறவர், வாங்குமுன் மெக்கானிக்கிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: "டயல் கேஜ் வெச்சிருக்கீங்களாண்ணே?" இல்லை என்று பதில் வந்தால் அந்த ஒர்க்‌ஷாப்பில் ஆக்ஸிலைப் பிரிக்கவேண்டாம்.