கினபாலுவைவிட உயரம் குறைவு. கிரீன்லந்து மலை ஏன் ஆபத்தானது?

ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே ஆக உயரமான மலை, கிழக்குக் கிரீன்லந்தில் உள்ள குன்பியோர்ன். உயரம் 3,694 மீட்டர். நம் பக்கத்துக் கினபாலு 4,095 மீட்டர்!

அப்படியென்றால் சுலபமா?

ஏறுவது அவ்வளவு கடினமில்லைதான். தூரம்தான் பிரச்சினை.

1935இல் முதன்முதலில் உச்சியைத் தொட்டவர்கள் கப்பலில் வந்து, பனிமீது பல நாள் பயணம் செய்தனர். இப்போது வழிகாட்டியுடன் செல்லும் குழுக்கள் பெரும்பாலும் ஐஸ்லந்திலிருந்து சிறு விமானத்தில் வந்து பனியாற்றிலேயே இறங்குகின்றன. இறக்கிவிட்டு விமானம் திரும்பிவிடும். ஆக அருகிலுள்ள ஊர் 300 கிலோமீட்டருக்கும் அப்பால்.

யாருக்காவது கால் முறிந்தால்?

துணைக்கோளத் தொலைபேசியில் உதவி கேட்கலாம். மேகம் மூடினால் விமானம் இறங்க முடியாது. நாள்கணக்கில்கூடக் கூடாரத்தில் காத்திருக்க நேரலாம். மீட்புக் காப்புறுதி செலவைத்தான் ஏற்கும்.

அதனால் பனிப்பிளவுகளைத் தவிர்த்து வழிகாட்டுவது மட்டும் வழிகாட்டியின் வேலையல்ல. "போதும், திரும்பலாம்" என்று சொல்வதும் அவர்தான். பெருந்தொகை கட்டி வந்தவர்களுக்கு அது கசக்கும்.

போக நினைப்பவர்கள் முன்பணம் கட்டுமுன் இரண்டைக் கேட்டுவிடுங்கள்: விமானம் தாமதமானால் எத்தனை நாளுக்குக் கூடுதல் உணவும் எரிபொருளும் இருக்கும்? அந்தக் கூடுதல் நாள்களின் செலவு யாருடையது?