காலுக்கு எட்டுகிற குதிரை

தேசிங்கு ராஜாவின் குதிரையைப் பற்றி செஞ்சியில் யாரைக் கேட்டாலும் கதை சொல்வார்கள். 1714-ல் ஆற்காடு நவாபின் படையோடு மோதி, இளம் வயசிலேயே உயிரை விட்ட அந்த ராஜா எத்தனை அடி உயரம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஏறி உட்காருகிறவனுக்கு அதுதானே ஸார் முதல் கேள்வி!

செஞ்சியில் பாங்க் உத்தியோகம் பார்க்கும் நண்பருக்கு இப்போது அதே பிரச்னை. உயரம் 5 அடி 2 அங்குலம், எடை 56 கிலோ. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையிலும் பாறைகளுக்கு நடுவே போகும் வண்டித்தடத்திலும் ஓட்ட, முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்த மலை சைக்கிள் வேண்டுமாம். (ராஜகிரிப் படிகளில் ஓட்டும் உத்தேசம் இல்லை. கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2025-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது.) "லேசா இருக்கணும், அவ்வளவுதான். ஃப்ரேம் எத்தனை கிலோன்னு பார்த்து வாங்கிடறேன்" என்கிறார்.

எடை முக்கியம்தான். 14 கிலோ சைக்கிள், 84 கிலோ ஆசாமிக்கு அவர் எடையில் ஆறில் ஒரு பங்கு. நம்மவருக்கோ கால் பங்கு. மேட்டில் மூச்சு வாங்கும்போது வித்தியாசம் தெரியும். ஆனாலும் அது மூன்றாவது கேள்வி.

முதல் கேள்வி: சைக்கிளுக்கு இருபுறமும் கால் போட்டு, இரண்டு பாதமும் தரையில் பட நின்றால், மேல் குழாய்க்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு அங்குலமாவது இருக்கிறதா? பாறையில் வண்டி திடீரென்று நின்றால் நாம் இறங்கும் இடம் அதுதான். இடைவெளி இல்லையென்றால் வம்சவிருத்திக்கு ஆபத்து. சக்கரமும் சஸ்பென்ஷனும் பெரிசாகப் பெரிசாக, குட்டையானவர்களுக்கு இந்த இடம் சுருங்கும். 29 அங்குலச் சக்கரம், இறக்கத்தில் பின்னால் நகர்ந்தால் பேண்ட்டையும் பதம் பார்க்கும். 27.5 அங்குலச் சக்கரமும் 120 மில்லிமீட்டர் சஸ்பென்ஷனும் நம் ஊர்க் கரடுக்குத் தாராளம்.

இரண்டாவது: கை எட்டுகிறதா? அளவு அட்டவணையில் 'ரீச்' என்று போட்டிருப்பார்கள். பெடல் அச்சிலிருந்து நேர் மேலே ஒரு கோடு போட்டு, அங்கிருந்து ஹேண்டில்பார் குழாயின் உச்சி வரை படுக்கை வசத்தில் அளந்த தூரம். சீட்டை இறக்கினாலும் முன்னே தள்ளினாலும் இது மாறாது. பெடலில் எழுந்து நின்று இறங்கும்போது இதுதான் கணக்கு. 'ஸ்மால்' ஸ்டிக்கரை நம்பாதீர்கள். ரெடிமேட் சட்டை மாதிரி, ஒரு கம்பெனியின் ஸ்மால் இன்னொரு கம்பெனியின் மீடியம்.

அப்புறம்தான் எடை. அலுமினியத்தை விட்டு கார்பனுக்குப் போனால் ஃப்ரேமில் அரைக் கிலோ, ஒரு கிலோ குறையும். பர்ஸில் அதைவிட அதிகம் குறையும். அதற்கு முன்னால் பின் சஸ்பென்ஷனைப் பாருங்கள். காற்று அடிக்கிற வகையாக இருந்தால் நம் எடைக்குத் தகுந்தபடி குறைத்துக்கொள்ளலாம். ஏறி உட்கார்ந்ததும், அமுங்கக்கூடிய தூரத்தில் 25 முதல் 30 சதவீதம் அமுங்க வேண்டும். 80 கிலோ ஆளுக்காகச் செய்த சுருள்வில் 56 கிலோவுக்கு லேசில் அசையாது. ஃபைலைத் தொடாத மேலதிகாரி மாதிரி. சுமக்கிற பாரம் மட்டும் நமக்கு.

நம் ஊர் சைக்கிள் ரொம்ப நாள் நெட்டையான ஆண்பிள்ளைக்கென்றே செய்யப்பட்டது. பொடியன்கள் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்தார்கள். 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல், பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டிக் காட்டினார்கள். அது வேறு வழியில்லாத இடத்தில் காட்டிய வீரம். மாசக்கணக்கில் சம்பளத்தை மிச்சம் பிடித்து வாங்குகிறவருக்கு அந்த வீரம் எதற்கு?

கடைக்காரர் சொல்வார்: "ஓட்ட ஓட்டச் சரியாயிடும் ஸார்!"

5 அடி 2 அங்குலக்காரர் ஓட்ட ஓட்ட 5 அடி 6 அங்குலம் ஆனதாகச் சரித்திரம் கிடையாது.