கிறவல் வீதி யாருக்கு?

மேல்நாடுகளில் புதியதொரு விளையாட்டுப் பிறந்திருக்கிறது. தார் காணாத பாதைகளைத் தேடிப் பிடித்து, அகன்ற டயர் பூட்டிய துவிச்சக்கர வண்டியில் கடலோரமும் காட்டோரமுமாகச் சுற்றி வருவதே அவ்விளையாட்டு. வீதி எவ்வளவுக்கெவ்வளவு கரடுமுரடாக இருக்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு சவாரியின் சுவை மிகும் என்கின்றனர் அதன் அன்பர்கள். 2022ஆம் ஆண்டில் இத்தாலியில் இதற்கு உலகப் போட்டியே நடந்தேறிவிட்டது. ‘கிறவல் சவாரி’ என்று அதற்குப் பெயர்.

கிறவல்! அக்கரப்பத்தனையில் பிறந்த குழந்தைக்கு இச்சொல்லை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பள்ளிக்குப் போகும் வழி கிறவல்; கொழுந்து மடுவத்துக்குப் போகும் வழி கிறவல்; நோயாளியைத் தூக்கிச் செல்லும் வழியும் கிறவல். ஒருவனுக்கு விடுமுறை இன்பமாக இருப்பது இன்னொருவனுக்கு வாழ்நாள் தண்டனையாக இருக்கிறது. இந்த முரண்பாட்டைத்தான் நாம் ஆராய வேண்டியிருக்கிறது.

மலையகம் இன்று உல்லாசப் பயணிகளின் வரைபடத்தில் இடம் பிடித்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமும் அளித்த நிதியைக் கொண்டு, ‘பீக்கோ ட்ரெயில்’ என்ற பெயரில் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடைபாதை 22 கட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளது. தேயிலை மலைகளை ஊடறுத்துச் செல்லும் பழைய தோட்டப் பாதைகளே அதன் உடல். நடப்போரைத் தொடர்ந்து சைக்கிளோட்டிகளும் இம்மலைகளை நாடுகின்றனர். வரட்டும், மனிதன் மனிதனைக் காண வருவதை நாம் ஏன் தடுக்க வேண்டும்? ஆனால், அவர்களுக்காக எழுதப்படும் விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். ‘தீண்டப்படாத இயற்கை’, ‘காலம் உறைந்துபோன பாதை’ என்கின்றன அவை. தீண்டப்படாத இயற்கையா? இம்மலையில் மனிதக் கை படாத ஒரு முழ நிலமேனும் உண்டா?

கடலோரமும் காட்டோரமும் கடந்த முதற் பயணிகள் யார்? கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ் நாட்டுக் கிராமங்களிலிருந்து அழைத்துவரப்பட்ட ஏழைகளே அவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, வரண்ட காடுகளைக் கால்நடையாகக் கடந்து, தம்புள்ளை வழியே மாத்தளை வந்து சேர்ந்தார்கள். கொலராவும் காய்ச்சலும் பசியும் வழிநெடுக அவர்களைத் தின்றன. அந்தப் பாதைக்கு எவரும் பெயர்ப்பலகை நாட்டவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதை வழிகாட்டி நூல்கள் மறவாமல் சொல்லும். அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியவனின் பெயரை எந்த நூல் சொல்கிறது?

அவர்கள் வெட்டிய பாதை அவர்களுக்கு உரிமையானதா? அதுவுமில்லை. தோட்டம் துரையின் தனி இராச்சியம். வெளியாள் உள்ளே நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. ஆகவேதான் கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் புகுந்து தொழிலாளரின் நிலையைக் கண்டறிய வேண்டியிருந்தது. 1937இல் பிரேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலிய இளைஞர், தோட்டத் தொழில் பழக வந்தவர், தொழிலாளர் பக்கம் நின்று பேசினார் என்பதற்காக அவரை நாடு கடத்தவே ஆணை பிறந்தது. உண்மையைத் தேடி வந்தவனுக்கு அடைத்த கதவு, அழகைத் தேடி வருபவனுக்கு இன்று அகலத் திறக்கிறது. கதவு திறந்தது நல்லதே. ஆயினும், திறவுகோல் யார் கையில் இருக்கிறது என்று கேட்காமல் இருக்கலாமா?

1948இல் குடியுரிமை பறிபோயிற்று. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது; லயத்தில் வாழ்ந்தவனின் கைக்கு மட்டும் அது வரவேயில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிட அது தடையாக நின்றது. தோட்டத் தொழிலாளி வாக்களிக்கலாம். அவன் வாக்கால் அமைந்த சபை அவன் வீட்டு வாசலுக்குப் பாதை போடக்கூடாது! இந்தக் கேலிக்கூத்து 2018ஆம் ஆண்டுத் திருத்தம்வரை நீடித்தது. அக்கரப்பத்தனைக்கெனத் தனிப் பிரதேச சபை உருவானதும் அக்காலத்திலேதான். ஆக, தோட்ட வீதி கரடுமுரடாகக் கிடப்பது இயற்கையின் திருவிளையாடல் அன்று. அது சட்டத்தின் கைவேலை.

சரித்திரத்தின் விந்தை ஒன்றையும் இங்கே நினைவூட்ட வேண்டும். 1880இல் அமெரிக்கச் சைக்கிளோட்டிகள் ஒரு சங்கம் அமைத்தார்கள். சேற்றிலும் புழுதியிலும் அவதியுற்ற அவர்கள், ‘நல்ல சாலைகள்’ என்று இயக்கம் நடத்தினார்கள். 1892இல் அதே பெயரில் பத்திரிகையும் கண்டார்கள். சைக்கிள்காரன் கேட்ட சாலையால் குடியானவனும் பயனடைந்தான். இன்றைய கிறவல் சவாரிக்காரரோ நல்ல சாலையை விட்டு விலகி, கெட்ட சாலையைத் தேடி வருகிறார். அதற்காக அவரை நாம் பழிக்கவில்லை. அவரது சுவையை வியாபாரமாக்கி, ‘இந்தப் பாதை இப்படியே இருந்தால்தான் அழகு, இதற்குத் தார் வேண்டாம்’ என்று நாளை ஒருவன் வாதாடுவானானால், அவனை நாம் எதிர்த்தே தீர வேண்டும்.

‘உல்லாசப் பயணத்தால் வருமானம் வருமே, வேலை கிடைக்குமே’ என்பர் சிலர். தேயிலையாலும் வருமானம் வந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக வந்தது. ஆனாலும் 1,000 ரூபா நாட்சம்பளத்தை எட்ட 2021ஆம் ஆண்டுவரை போராட வேண்டியிருந்ததே! துரையின் பங்களா ஹோட்டலாகிறது. பங்களாவைச் சுற்றியிருக்கும் லயம் லயமாகவே இருக்கிறது. கொழுந்து பறிக்கும் பெண் படத்தில் இருப்பாள், பங்கில் இருக்கமாட்டாள். வருமானம் வருகிறதா என்பதன்று கேள்வி. யாருக்கு வருகிறது என்பதே கேள்வி.

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் மலைநாட்டைச் சிதைத்தபோது, மண்சரிவால் பாதைகள் அறுந்தன. பாதை என்பது காட்சிப் பொருளன்று, உயிர்நாடி என்பதை அந்நாட்கள் எவருக்கும் உணர்த்தியிருக்கும். பயணி ஊர் திரும்பலாம். தொழிலாளி எங்கே திரும்புவான்?

துவிச்சக்கர வண்டி நமக்குப் பகையுமன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் கிராமப் பெண்களிடம் கொண்டு சென்றது. பல்லாயிரம் பெண்கள் ஏச்சையும் இளிப்பையும் பொருட்படுத்தாது மிதித்தார்கள். ஊர் எல்லை அவர்களுக்கு எல்லையாக இல்லாமற் போயிற்று. அதே சக்கரம்தான் அங்கே விடுதலைக் கருவியாயிற்று. கருவியில் குற்றமில்லை, அது யார் கையில், எந்த நோக்கத்தில் சுழல்கிறது என்பதே பொருள்.

ஆகவே நாம் கேட்பது இது. தோட்ட வீதிகள் கம்பெனிச் சொத்தாக அன்றி, பிரதேச சபையின் பொறுப்பிலுள்ள பொது வீதிகளாக வேண்டும். நோயாளி வண்டி லயத்து வாசல்வரை செல்லத்தக்கதாக அவை செப்பனிடப்பட வேண்டும். பயணிகளால் வரும் வருவாயில் சபைக்கும் தொழிலாளர் குடும்பங்களுக்கும் பங்கு வேண்டும். வழிகாட்டிப் பலகைகள் டெய்லரோடு நின்றுவிடாமல், பாதை வெட்டியவரின் வரலாற்றையும் தமிழிலும் சிங்களத்திலும் சொல்ல வேண்டும். டயகமக்கு அப்பால் ஹோட்டன் சமவெளிக் காட்டின் விளிம்பிலே அந்நியன் சவாரி செய்து மகிழும்போது, அம்மலையில் பிறந்த பிள்ளைக்கும் ஒரு சைக்கிளும் ஒரு விடுமுறை நாளும் வாய்க்க வேண்டும்.

மலையகத்தில் பணிபுரியும் ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! உங்கள் பள்ளிக்கு வரும் பாதை எத்தனை மைல், அதில் எத்தனை மைல் கிறவல், அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கணக்கெடுங்கள். அக்கணக்கைச் சபையின் முன் வையுங்கள். அழகிய பாதைகளின் வரைபடம் அச்சாகிவிட்டது. நமது பாதைகளின் வரைபடத்தை நாமே வரைய வேண்டும்.