கணக்கு அவளுடையது, நம்பர் ஏஜென்டுடையது

சுங்குவார்சத்திரம் பக்கம் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி போன மாதம் என்னைத் தேடி வந்தாள். செல்போன் பாகம் பூட்டும் லைனில் நிற்கிறவள். ஷிப்டு பஸ்ஸில் அவளுடைய போன் தொலைந்துவிட்டது. புதுப் போன் வாங்கி, பழைய நம்பரிலேயே சிம்மும் எடுத்துவிட்டாள். ஆனால் மின்னஞ்சல் திறக்கவில்லை. பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்று தட்டினால், ஓடிபி வேறொரு நம்பருக்குப் போகிறது. திரையில் கடைசி இரண்டு எண்கள் மட்டும் தெரிகின்றன. அது அவள் நம்பரும் இல்லை, அவள் அம்மா நம்பரும் இல்லை.

யாருடையது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஊருக்கு ஆள் எடுக்க வந்த ஏஜென்ட், ஆன்லைனில் பதிய வேண்டும் என்று அவனே கணக்குத் திறந்து, அவன் நம்பரையே கொடுத்து வைத்திருக்கிறான். அன்றைக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படித்தான். ஆதார், டிசி, மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக், சாதிச் சான்றிதழ் எல்லாம் அந்தக் கணக்கில்தான் கிடக்கின்றன.

அந்த மின்னஞ்சலை நடத்துவது உலகத்தின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று. பேசுவதற்கு ஒரு நம்பர் தேடினோம். இலவசக் கணக்குக்கு அப்படி எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. உதவிப் பக்கம் இன்னொரு உதவிப் பக்கத்துக்கு அனுப்புகிறது, அது மறுபடி ஓடிபிக்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. குறைதீர் அதிகாரிக்கு இங்கிலீஷில் எழுதினேன். இயந்திரம் ஒரு பதில் அனுப்பியது. 2021-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி 24 மணி நேரத்தில் புகாரை ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், குறிப்பிட்ட நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். முதல் பாதியை இயந்திரம் சரியாகச் செய்துவிட்டது.

கடைசியில் ஏஜென்டையே பிடித்தோம். ஓடிபி சொல்ல ஐநூறு ரூபாய் கேட்டான். கொடுத்தோம். திறந்து பார்த்தால், அவளுடைய ஆதாரும் சாதிச் சான்றிதழும் நான்கு முகவரிகளுக்குப் போயிருக்கின்றன. அதில் ஒன்று அவள் வேலை செய்த ஒப்பந்தக் கம்பெனி. மற்ற மூன்றும் யார் என்று அவளுக்குத் தெரியாது.

பெரிய கம்பெனி ஓடிபி கேட்டது அவளுடைய அந்தரங்கத்தைக் காக்கத்தானாம். உண்மையில் அது காத்தது ஏஜென்டை. சொந்தமாக நம்பர், சொந்தமாகப் போன், இங்கிலீஷ், இவை மூன்றும் உள்ளவனை மனதில் வைத்துக் கட்டிய பூட்டு அது. நம் பிள்ளைகள் முதல் கணக்கைத் திறக்கிறபோது இந்த மூன்றும் இன்னொருவன் கையில்தான் இருக்கின்றன.

இதே நெடுஞ்சாலையில்தான் ஐபோன் பூட்டுகிறார்கள். ஐபோனில் நடப்பது ஐபோனுக்குள்ளேயே இருக்கும் என்று 2019-ல் லாஸ் வேகாஸில் கட்டடம் உயரத்துக்கு விளம்பரம் வைத்த கம்பெனி ஆப்பிள். அந்தரங்கம்தான் அவர்கள் விற்கும் சரக்கு. 2021 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு செய்தி வெளியானது. போன் செய்து தரும் ஆலைகளுக்கு ஆப்பிள் புது விதி போட்டிருந்தது: ஆலைக்கு வரும் ஆப்பிள் ஊழியர்களிடம் கைரேகையோ முகப் பதிவோ எடுக்கக் கூடாது. நல்ல விதி. ஆனால் ஆலையில் வேலை செய்யும் தொழிலாளிகளுக்கு அது பொருந்தாது. அவர்களிடம் எடுத்துக்கொள்ளலாம். ஒரே கூரை, ஒரே வாசல். ஒருவர் ரேகை உடைமை, இன்னொருவர் ரேகை வருகைப் பதிவேடு. ஊருக்குள் ஒரு டம்ளர், சேரிக்கு ஒரு டம்ளர் என்று பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் காப்பாற்றுமா? 2017 ஆகஸ்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். 2018-ல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு எழுதிய மசோதாவில் சாதி, பழங்குடி விவரங்கள் தனிப் பாதுகாப்பு வேண்டிய நுண்தகவல் பட்டியலில் இருந்தன. உடல்நலம், கைரேகை இவற்றோடு சாதியும். 2019 மசோதாவிலும் இருந்தது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அந்தப் பட்டியலே இல்லை. உன் சாதியும் உன் சட்டை அளவும் இப்போது ஒரே வகைத் தகவல். நம் ஆட்கள் பலர் இதைக் கவனிக்கவில்லை. நானும் தாமதமாகத்தான் கவனித்தேன்.

அதே சட்டத்தின் 7-வது பிரிவைப் படியுங்கள். வேலை சார்ந்த காரியத்துக்கும், முதலாளியை நட்டத்திலிருந்து காப்பதற்கும் ஊழியரின் தகவலை ஒப்புதல் இல்லாமலே கையாளலாம். 15-வது பிரிவையும் படியுங்கள். பொய்யான, அற்பமான புகார் கொடுத்தால் கொடுத்தவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். கம்பெனிக்கும் 250 கோடி வரை அபராதம் உண்டுதான், ஆனால் அந்தப் பணம் அரசுக்குப் போகும், பாதிக்கப்பட்டவளுக்கு இல்லை. விதிகள் வந்ததே 2025 நவம்பரில். கம்பெனிகளின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும்.

சாதியைக் கேட்டால்தானே பிரச்சினை, கம்பெனியில் கேட்பதில்லையே என்று ஒரு நண்பர் சொன்னார். கேட்க வேண்டியதில்லை தோழர். ஆதாரின் பின்பக்கத்தைத் திருப்பினால் போதும். பல பிள்ளைகளின் முகவரியில் 'காலனி' என்று அச்சடித்திருக்கிறது. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று முதல்வர் ஸ்டாலின் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார், வரவேற்றோம். ஏஜென்டின் வாட்ஸ்அப்பில் கிடக்கும் பழைய ஜெராக்ஸிலிருந்து அதை யார் நீக்குவது?

பதில் சொல்ல ஆள் இல்லாதபோது என்ன ஆகும் என்பதை இந்தச் சாலை ஒருமுறை பார்த்திருக்கிறது. 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். எங்கள் தோழிகள் எங்கே என்று கேட்டவர்களுக்குச் சரியான பதில் இல்லை. இறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். வதந்தி பரப்பியதாக வழக்குப் போட்டார்கள். அந்தப் பெண்கள் கேட்டது ஒரு தகவல், அவ்வளவுதான். சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்தில் இல்லை என்று ஆப்பிள் பிறகு ஒப்புக்கொண்டது. சாலையில் உட்கார்ந்த பிறகு.

சாம்சங் தொழிலாளர்களும் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் உட்கார்ந்தார்கள். சங்கப் பதிவுக்கு நிர்வாகம் சொன்ன ஆட்சேபங்களில் ஒன்று, சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற பெயர் இருக்கக் கூடாது என்பது. தன் பெயரைத் தன்னைக் கேட்காமல் யாரும் எடுக்கக் கூடாது என்பது கம்பெனிக்கு எவ்வளவு நன்றாகப் புரிகிறது பாருங்கள். சங்கம் 2025 ஜனவரியில் அதே பெயரோடு பதிவானது.

தொழிலாளர் துறையிடம் நாம் கேட்க வேண்டியது எளிது. ஒப்பந்த உரிமம் வாங்கும் ஒவ்வொருவரும், யாருடைய என்னென்ன ஆவணம் தன்னிடம் இருக்கிறது, யாருக்கு அனுப்பினான் என்று எழுதித் தர வேண்டும். வேலையை விட்டால் அழிக்க வேண்டும். கணக்கு மீட்பதற்குத் தமிழில் பேச ஒரு மனிதர் வேண்டும் என்று பெரிய கம்பெனிகளிடம் அரசு கேட்க வேண்டும். நிலமும் மின்சாரமும் சலுகையாகக் கொடுக்கும் அரசு கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

அதுவரை நாமே செய்வோம். வருகிற ஞாயிறு ஷிப்டு இல்லாத பிள்ளைகளை வரச் சொல்லியிருக்கிறேன். மின்னஞ்சல் அமைப்பில் மீட்பு நம்பர் யாருடையது என்று பார்க்க வேண்டும், பிறகு 'அனுப்பியவை' பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும். பிஎஃப் கணக்கில் பதிந்த நம்பரையும். ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகும். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த நான்கைந்து பேர் கூட வந்தால் நன்றாக இருக்கும்.