தாமரையை அள்ளினா போதாது, சாக்கடையை நிறுத்து!



சிங்காநல்லூர் குளத்தைப் பாருங்க. ஆகாயத்தாமரை மூடும், மிஷின் வெச்சு அள்ளுவாங்க, கொஞ்ச நாள்ல மறுபடியும் பச்சை! அதுக்குத் தீனி போடறது யாரு?

பயிருக்கு நாம போடற தழைச்சத்தும் மணிச்சத்தும்தான் அந்தக் களைக்கும் உரம். சங்கனூர் பள்ளத்துல வர்ற நகரத்துச் சாக்கடையில, மலத்துலயும் சோப்பு நுரையிலயும் அந்தச் சத்து இருக்குது. அதைத் தின்னு பாசி பெருகும். செத்து அழுகும்போது தண்ணியில இருக்கற பிராணவாயுவைத் தின்னுபோடும். மீன் செத்து மிதக்கும். குளம் கெட்டா நொய்யலும் கெடும், பக்கத்துக் கிணறும் கெடும்.

"விவசாயி போடற உரம்தான் காரணம்" என்கிறார்கள். நம்ம பங்கை மறைக்கலைங்க. மண் பரிசோதனை பண்ணாம டி.ஏ.பி. மூட்டையைக் கொட்டறது தப்புத்தான், திருத்திக்கணும். ஆனா பீளமேட்டுல சோளமும் பருத்தியும் நின்ன காடெல்லாம் இன்னைக்கு வீடும் காலேஜும் கம்பெனியும்! அங்கிருந்து வர்ற கழிவு எந்த விவசாயி போட்ட உரம்?

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரியில் விழுந்த சாக்கடையை 1963 முதல் 1968 வரை படிப்படியாகத் திருப்பிவிட்டார்கள். சில வருஷத்தில் தண்ணீர் தெளிந்தது. அது ஆழமான ஏரி. சுவீடனில் ட்ரம்மன் ஏரி நம்ம குளம் மாதிரி ஆழமில்லாதது. 1958-ல் சாக்கடையை நிறுத்தியும் பத்து வருஷம் தெளியவில்லை. அடிச்சேத்தில் தங்கின மணிச்சத்து மேலே வந்துகொண்டே இருந்தது. 1970, 71-ல் சேத்தை உறிஞ்சி எடுத்த பிறகுதான் மீண்டது.

பாடம் இதுதான்: முதல்ல சாக்கடையை நிறுத்து, அப்புறம் சேத்தை எடு. மடையைத் திறந்து வெச்சுட்டு வயல்ல தண்ணி இறைச்சா வத்துமா?

நமது கோரிக்கைகள்:

1. சுத்திகரிக்காத சாக்கடை ஒரு சொட்டும் பள்ளத்தில் விழக்கூடாது. சுத்திகரிக்கும்போது மணிச்சத்தையும் பிரித்தெடுக்க வேண்டும்.

2. குளத்துத் தண்ணீர், சேறு பரிசோதனை முடிவை மாதாமாதம் ஊரில் ஒட்ட வேண்டும்.

3. நடைபாதைக்கும் கலர் விளக்குக்கும் முன்னால் இந்த வேலைக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

4. வண்டல் மண் விவசாயிக்கு இலவசம் என்று அரசே சொல்லியிருக்கிறது. சாக்கடை தங்கின குளத்து மண்ணில் கன உலோகம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தர வேண்டும்.

நம்ம பாட்டன் முப்பாட்டன் வெட்டின குளமுங்க இது. கேக்காம இருந்தா பேரன் நம்மளைத்தான் கேப்பான். குடும்பத்தோட திரண்டு வாங்க!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இப்படிக்கு,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம், பீளமேடு.